கோட்டைக் கதவும் என் பல்லும்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் வெறும் அணில். புயலில் சாய்ந்த மரமொன்றின் பொந்தில் என் ஒரே குட்டியோடு இருந்தேன். அமெரிக்கப் படை வருகிறது என்று, அதை எதிர்க்க அந்த மண்ணின் பல பூர்வகுடிகளின் வீரர்கள் ஒன்றுசேர்ந்து எங்கள் மரங்களுக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

பக்கத்தில், அந்த வீரர்களின் நண்பர்களான ஆங்கிலேயரின் கோட்டை இருந்தது. அதன் கதவு, "ஏன் அக்கா நடுங்குகிறாய்? ஆபத்தென்றால் ஓடி வா, திறக்கிறேன்" என்றது. வீரர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தது.

காலையில் துப்பாக்கிகள் வெடித்தன. சாய்ந்த மரங்களைத் தாண்டி அமெரிக்கப் படையின் குதிரைகள் பாய்ந்தன. வீரர்கள் கோட்டைக்கு ஓடினார்கள். குட்டியைக் கவ்விக்கொண்டு நானும் ஓடினேன்.

கதவு மூடியிருந்தது. வீரர்கள் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

நான் குட்டியைக் கீழே வைத்துவிட்டு, "திற தம்பி" என்றேன்.

"ஆசைதான் அக்கா. தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது, என் கையிலா இருக்கிறது?"

"அன்றைக்கு இதைச் சொல்லவில்லையே."

"அன்றைக்கு நீ கேட்கவில்லையே."

வீரர்கள் ஆற்றோரமாக ஓடினார்கள். குதிரைகள் நெருங்கின. நான் கதவின் அடிப்பலகையைக் கடிக்க ஆரம்பித்தேன்.

"ஐயோ, வலிக்கிறது அக்கா."

"பல் என் வாயில்தான் இருக்கிறது, தம்பி" என்று சொல்லிக் கடித்துக்கொண்டே இருந்தேன். குட்டியும் நானும் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை போட முடிந்தது.