சுடாத உடம்பு

ஆஸ்பத்திரி லேப்பின் மூடின கதவுக்குப் பின்னால் கொய்ங்ங் என்று ஏதோ எந்திரம் சுற்றியது. அதில்தான் அப்பாவின் ரத்தம் சுற்றுகிறதாம். வராந்தாவில் நின்ற ராமுத்தாய் அந்தக் கதவையே பார்த்தாள்.

"காய்ச்சலே இல்லாத மனுசனுக்கு எதுக்குடா ரத்தம் எடுக்கணும்? ஒன் பொண்டாட்டி சொன்னா ஆடிருவியா?" என்று தம்பி சுருளிவேலிடம் சீறினாள்.

"டாக்டரே வேணாம்னுதான்க்கா சொன்னாரு. இவதான் விடாம நின்னு எடுக்க வெச்சா."

"என் மக சடங்குல, சீருக்கு முன்னாடி துண்டைப் போட்டுக்கிட்டு எப்படி நடந்து வந்தாரு! நீயே பாத்தியே. சித்தையன்கோட்டையில என் வீட்டுல இருந்தவரைக்கும் குத்துக்கல்லாட்டம் இருந்தாரு. வடமதுரைக்கு ஒன் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஆளு அடையாளம் தெரியல. மகராசி சோறு போட்டாளோ, இல்ல வெறும் தண்ணியக் குடுத்தாளோ."

வராந்தா முழுக்கக் கேட்டது. குழாயடியில் மாமனாரின் வேட்டியை அலசிக்கொண்டிருந்த சுருளிவேலின் மனைவி புவனேஸ்வரி தலையைத் தூக்கவில்லை.

வார்டுக் கட்டிலில் அப்பா உடையப்பன் கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "வாய்க்கா ஒடைஞ்சிருச்சு... மடையை அடைங்கடா."

இரைச்சல் நின்றது. லேப்பில் வேலை பார்க்கும் நர்கீஸ் ஒரு சீட்டோடு வந்தாள். ராமுத்தாய் வழி மறித்தாள்.

"ஏத்தா, என்ன தின்னாரு, ஏது தின்னாருன்னெல்லாம் ரத்தத்துல தெரிஞ்சிருமா?"

"உள்ள ஒளிஞ்சு கெடக்குறது தெரியும்க்கா," என்றபடி டாக்டரைத் தேடி ஓடினாள் அவள்.

ராமுத்தாய் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

டாக்டர் வேகமாக வந்தார். "சி.ஆர்.பி. எக்கச்சக்கமா ஏறியிருக்கு. உள்ள நோய்த்தொற்று எம்புட்டு மோசம்னு அதுல தெரியும். ஒடம்பு சுடலைன்னு நானே வீட்டுக்கு அனுப்பப் பாத்தேன். இது நேத்து வந்தது மாதிரி தெரியல. காய்ச்சல் மாத்திரை ஏதும் குடுத்தீங்களா? எப்ப இருந்து? மறைச்சா அவருக்குத்தான் ஆபத்து."

"எவன் குடுத்து மூடி மறைச்சிருந்தாலும் சரி," சுருளிவேல் பல்லைக் கடித்தான். "சாகுறவரைக்கும் அவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்."

சடங்கன்று பிறந்த வீட்டுச் சீருக்கு முன்னால் அப்பா நடக்காவிட்டால் புகுந்த வீட்டில் தலை காட்ட முடியாது என்று, அனலாய்க் கொதித்த உடம்புக்கு வேளை தவறாமல் மாத்திரை போட்டு நிமிர்த்தி நிறுத்தியவள் ராமுத்தாய்தான்.

வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாந்தான் டாக்டர்."

ஈரக் கையோடு புவனேஸ்வரி நின்றாள்.

"சடங்குக்குப் பொறப்படும்போதே காய்ச்சல் இருந்துச்சு. வேளைக்கு ஒண்ணு போட்டுக்கங்கன்னு அட்டையைப் பையில வெச்சு அனுப்புனேன். அன்னைலருந்து போட்டிருக்காரு."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே கட்டிலுக்குப் போனார்.

சுருளிவேல் மனைவியைப் பார்த்தான். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று வெளியே நடந்தான்.

ராமுத்தாய் புவனேஸ்வரியின் கையைப் பிடித்தாள். "நீ குடுக்கலையே புவனா..."

"மெதுவாப் பேசுங்க மதினி. அட்டை மாமாவோட மஞ்சப்பையில கெடந்துச்சு, உங்க ஊரு மருந்துக்கடை கவரோட. இங்க வந்தும் அவரே போட்டுக்கிட்டு இருந்திருக்காரு. காலையிலதான் பாத்தேன். அதனாலதான் ரத்தம் எடுக்கச் சொல்லி நின்னேன்."

"பெறகு எதுக்கு நீ...?"

"தெளிஞ்சு கண்ணு முழிச்சா ராமுத்தாய் எங்கன்னுதான் மொதல்ல கேப்பாரு. உங்க தம்பி உங்கள வாசப்படி ஏத்தலைன்னா, நான் யாரைக் கொண்டாந்து காட்டுறது?"

பதிலுக்கு நிற்காமல் குழாயடிக்குப் போய், பாதியில் விட்ட வேட்டியை மறுபடி அலச ஆரம்பித்தாள்.