வாரம் ஒரு சாக்கு

பினாங்குத் துறைமுகத்து அரிசிக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அருளப்பன் நான்கு ஞாயிறாகப் பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்பான், மழை என்பான். அந்தச் சனிக்கிழமை, புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய பிரெஞ்சுச் சாமியார் வீட்டுக்கே வந்துவிட்டார். அருளப்பன் அறைக்குள் போர்த்திப் படுத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டான்.

“உங்கள் கணவர் ஏன் வருவதில்லை?”

“அவருக்கு வாரம் ஒரு சாக்கு சாமி” என்றாள் மனைவி அமலோற்பவம்.

“சாக்கா? அரிசிச் சாக்கையா உடுத்துகிறார்? வேறு துணி இல்லையா? பாவம்!”

அருளப்பன் போர்வையைக் கடித்துக்கொண்டு சிரித்தான். ஆனால் இருட்டுவதற்குள் சாமியார் ஒரு புது வேட்டியோடு திரும்பி வந்து, “இதை உடுத்திக்கொண்டு வரட்டும்” என்று கொடுத்துவிட்டுப் போனபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனான். முடிந்ததும் சாமியாரிடம் நேராகப் போய் நின்றான்.

“மன்னிச்சிடுங்க சாமி. எனக்குத் துணிமணியெல்லாம் இருக்கு. இது ஏழைங்களுக்குப் போக வேண்டியது. சாக்குன்னா வேற அர்த்தமும் இருக்கு. உங்களுக்குத் தமிழ் புரியாம...”

“புரியாம என்னப்பா? பாண்டிச்சேரியில பதினெட்டு வருஷம் இந்தச் சாக்கைத்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்!” என்று சிரித்தார் சாமியார். “வேட்டிய நீயே வச்சுக்க. உன் பொண்சாதி வாங்கி என்கிட்ட கொடுத்ததுதான்.”

அருளப்பன் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அமலோற்பவம் முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு மும்முரமாக ஜெபித்துக்கொண்டிருந்தாள்.