மரங்கொத்தி வருகிறார்

“சாயந்தரம் மச்சான் வர்றார்” என்று ஆடிட்டர் சொன்னதும் தச்சர் பலகையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“எந்த மச்சான் சார்?” என்று கேட்டார், ஆடிட்டருக்கு இருப்பதே ஒரு மச்சான்தான் என்று தெரிந்தும்.

“மர டிப்போ வச்சிருக்காரே, என் சம்சாரத்தோட தம்பி. மரங்கொத்தின்னு சொல்வேன்ல, அவர்தான். உங்க பலகையக் கொஞ்சம் தட்டிப் பாக்கச் சொல்லியிருக்கேன். தப்பா நினைச்சுக்காதீங்க மேஸ்திரி.”

“அதுக்கென்ன சார், தாராளமா” என்றார் தச்சர். சுத்தியல் மட்டும் ஆணியை விட்டுவிட்டு விரலைத் தேடிப் போனது.

ஆடிட்டர் ஏற்கெனவே சூடு கண்ட பூனை. நூறு வருஷத்துப் பீரோ என்று நம்பி ஒன்றை வாங்கி வந்தார். அதன் அடியில் ஒட்டியிருந்த தொழிற்சாலைச் சீட்டை, எல்லோர் முன்னாலும் உரித்துக் காட்டியவர் இதே மச்சான்தான். அதிலிருந்து குடும்பத்தில் நாலு பேர் கூடினால் பீரோவைப் பற்றித்தான் பேச்சு. ஊரார் கணக்கிலெல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிற மனிதருக்கு இது பெரிய தலைகுனிவு.

அதனால், கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் பழைய தேக்குப் பலகை அடிக்க வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டபோது, தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

“புது மரத்தை டீத் தண்ணியில ஊறவச்சு, வினிகரைத் தடவி, மெஷின்ல பூச்சி ஓட்டை போட்டுப் பழசுன்னு விக்கிறாங்களாமே. ஏதாவது தில்லுமுல்லுன்னு தெரிஞ்சது, நேரா போலீஸ்தான்.”

“துறைமுகத்துல பழைய கிடங்கு ஒண்ணை இடிச்சாங்க சார், அதுல வந்த பலகை” என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தார் தச்சர். துறைமுகப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

இப்போது சாயந்தரத்துக்குள் முடித்தாக வேண்டும். சுவரில் சட்டங்கள் அடித்தாகிவிட்டன. கீழிருந்து மேலாகப் பலகைகள் ஏறிக்கொண்டிருந்தன. ரசமட்டம் வைத்துப் பார்த்து, தலையில்லாத சின்ன ஆணிகளாக அடித்தார். எந்தப் பக்கம் கூடத்தைப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் சுவரோடு போக வேண்டும் என்பதில்தான் அவருக்கு ரொம்பக் கவனம். ஒரு பலகையைத் தவறிப்போய் மாற்றி வைத்துவிட்டு, ஆடிட்டர் மனைவி வரும் சத்தம் கேட்டதும் அவசரமாகப் புரட்டினார்.

ஆடிட்டரை ஏமாற்றிவிடலாம். அவர் மனைவியைக்கூடச் சமாளித்துவிடலாம். மச்சான் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? மாட்டிக்கொண்டால் ஜெயில். ஜெயிலுக்குப் போய் வந்த தச்சனை எந்த வீட்டுக்காரன் உள்ளே விடுவான்? நினைக்க நினைக்க அவருக்கு அழுகையே வந்தது.

மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவரைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். காதை வைத்துக் கேட்டார். வினிகர் வாசம் வருகிறதா என்று முகர்ந்தார். ஈரப் பஞ்சால் துடைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்தார். அக்காவிடம் குண்டூசி வாங்கிப் பூச்சி ஓட்டைக்குள் விட்டார்.

“பூச்சி அரிச்ச ஓட்டைன்னா வளைஞ்சு வளைஞ்சு போகும். மெஷின் போட்டதுன்னா நேரா போகும்” என்று பாடமும் எடுத்தார்.

குண்டூசி பாதியில் முட்டிக்கொண்டு நின்றது.

“வெட்டின துண்டு ஏதாவது இருக்கா?”

தச்சர் கிளறிக் கிளறி, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். மச்சான் பேனாக்கத்தியால் அதைச் சீவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தச்சரையும் பார்த்தார். தச்சர் ரசமட்டத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எங்க கிடைச்சதுன்னு சொன்னீங்க?”

“கிடங்கு சார். துறைமுகத்துல.” குமிழியிடம்தான் சொன்னார்.

மச்சான் ஆடிட்டர் பக்கம் திரும்பினார். “அத்தான், இந்தத் தடவை தப்பிச்சீங்க. சுத்தமான பழைய தேக்கு. மூணு தலைமுறையாவது பார்த்த மரம்.”

ஆடிட்டருக்கு வாயெல்லாம் பல். “இனிமே பீரோ கதைய யாரும் எடுக்கக் கூடாது” என்றார்.

அவர் மனைவி சுவரைத் தடவிப் பார்த்தாள். “இப்பத்தான் நம்ம வீடு மாதிரி இருக்கு.”

தச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உளியையும் சுத்தியலையும் பைக்குள் போடத் தொடங்கினார்.

“இருங்க மேஸ்திரி” என்றார் மச்சான். “அத்தான், எதிர்ச் சுவர் மொட்டையா நிக்குதே. அதுக்கும் அடிச்சா என்ன?”

“பலகை தீர்ந்துபோச்சு சார்” என்றார் தச்சர் அவசரமாக.

“உங்க பலகைய யார் கேட்டா? மலைமேல எங்கப்பா வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கு. மாடித் தரை முழுக்கத் தேக்குப் பலகை. நான் தவழ்ந்ததே அதுலதான், கண்ணைக் கட்டி விட்டாக்கூட அடையாளம் சொல்வேன். அதைக் கழட்டிக் கொண்டாந்து இங்க அடிச்சிருங்க.”

“மேஸ்திரிக்கு வழிகூடத் தெரியும்டா” என்றாள் அக்கா. “ஜன்னலுக்குக் கொக்கி போட அவர்கிட்டதானே சாவியக் கொடுத்து அனுப்பினேன்.”

“நல்லதாப் போச்சு. காலையில என் வண்டியிலயே போயிடலாம்” என்று தச்சரின் தோளிலும் ஒரு தட்டுத் தட்டினார் மரங்கொத்தி.

கழற்றுவதற்கு அந்த மாடியில் ஒரு பலகைகூட மிச்சமில்லை, அத்தனையும் இவர் இப்போது தட்டிப் பார்த்த சுவரில்தான் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன என்பதை, வண்டி மலையேறி முடிப்பதற்குள் எப்படிச் சொல்வது என்றுதான் தச்சருக்குத் தெரியவில்லை.