எழுத்தாளர் வீட்டில் இல்லை

கதவைத் திறந்த பழமலையின் கைகளில் பீங்கான் ஆலையின் களிமண் காய்ந்திருந்தது.

"எழுத்தாளர் மணிமுத்தன் இருக்காரா? மெட்ராஸ் பத்திரிகையிலேர்ந்து பேட்டிக்கு வந்திருக்கேன்."

"வந்துடுவாருங்க. உக்காருங்க."

பழமலை கை கழுவிக்கொண்டே கேட்டார். "அவரு நாவலப் படிச்சீங்களா சார்?"

நிருபர் சிரித்தார். "அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்? பின்னட்டையப் பார்த்துப் பத்துக் கேள்வி எழுதிக்கிட்டேன். ஏன், நீங்க படிச்சிருக்கீங்களா?"

"நான் ஒருத்தன்தாங்க படிச்சிருக்கேன்."

பழமலை நிதானமாகக் கையைத் துடைத்தார். பிறகு சொன்னார். "அவரு இன்னைக்கி வரமாட்டாருங்க. சாயங்கால ரயிலப் புடிச்சிடுங்க."

நிருபர் போன பிறகு, தன் முதல் பேட்டிக்காக வாங்கி வைத்திருந்த இரண்டு புதுப் பீங்கான் கோப்பைகளைப் பழமலை மறுபடியும் வைக்கோலில் சுற்றி வைத்தார்.