மீன் மாட்டும் இடம்

"மலை ஏரி எனக்குப் புதுசுண்ணே. டிரவுட் மீன் எங்க மாட்டும்?" என்று கேட்டான், மொன்டானாவில் புதிதாகக் குடியேறிய பக்கத்து வீட்டு கர்டிஸ்.

வெண்டல் தாராளமாகச் சொல்லிக் கொடுத்தார். "ஓடை வந்து விழுற இடத்துல தூண்டிலைப் போடு. உன் நிழல் மட்டும் தண்ணியில விழுந்துச்சு, ஒரு மீனும் உன்னை மதிக்காது."

"எந்த ஏரிண்ணே?"

"வடக்கு ஏரிதான். நாளைக்கு நானும் அங்கதான் போறேன்."

மறுநாள் தூண்டில் வீசும்போது பாறையில் வழுக்கி விழுந்து வெண்டலின் கால் முறிந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. விடிய விடியக் குளிரில் கிடந்தவருக்கு, காலையில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் உயிர் வந்தது.

"இங்க இருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஹெலிகாப்டர் மலைக்கு அந்தப் பக்கம், வடக்கு ஏரியையே சுற்றிச் சுற்றி வந்தது.

வெண்டல் கிடந்தது தெற்கு ஏரியில். மீன் கொழிக்கும் அந்த இடத்தை அவர் பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை.