தேன்மொழியின் ரியாக்‌ஷன்

"லேப்ல உன் ரியாக்‌ஷனை மேடமே பண்ணிக்கினு இருக்காங்கடி. என் கண்ணால பாத்தேன்" என்றாள் கூடப் படிக்கிற ஷோபா.

தேன்மொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? திருப்பதியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிற பெண்ணுக்குக் கோடை லீவில் தொடங்கி ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? மருந்துக் கம்பெனிகள் ஊருக்கு ஊர் முளைக்கிற காலம். ஒரு புது மருந்துப் பொருளைத் தன் கையால் தயாரித்துக் காட்டினால் எம்.எஸ்சி. சீட்டு, அப்புறம் வேலை. அதற்காகத்தான் கல்யாணமான பின்னும் நகரியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறாள்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. திடீரென்று அவளுக்கு வழிகாட்டும் புரொபசர் யசோதா மேடம் அவளை லேபுக்குள்ளேயே விடவில்லை. வெளியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

"நம்ம பக்கத்து தமிழாளு, சத்தியவேட்டுக்காரங்களே இப்டின்னா இன்னா சொல்றது? கடைசில தன் பேரைப் போட்டுக்குவாங்க பாரு" என்று ஷோபா தூபம் போட்டாள்.

தேன்மொழி விடுவிடுவென்று போய் லேப் கதவைத் திறந்தாள். மேடம் கையில் அவளுடைய பிளாஸ்க்.

"நான் இன்னா தப்பு செஞ்சேன் மேடம்? என் வேலையப் புடுங்கிக்கினீங்களே." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"உள்ள வராத, அங்கியே நில்லு." மேடம் பதறிப்போய் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"பிரிடின் நாத்தத்துக்கு எல்லாருக்கும்தான் கொமட்டும். பழ வாசனை அடிக்கிற எத்தில் அசிடேட்டுக்கு நீ ஒருத்திதான் ஓடிப்போய் வாந்தி எடுத்த. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிடுச்சு."

தேன்மொழியின் கை தன்னால் வயிற்றுக்குப் போனது. மூணு மாசம் முடிகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தாள். சொன்னால் இந்த இடமும் போய்விடுமோ என்கிற பயம் வேறு அவளுக்கு.

"அப்பவே கேட்டிருக்கலாமே மேடம்?"

"கேட்டா நீ பொய் சொல்லணும். மூணு மாசத்துக்கு முன்னாடி நம்ம ஊட்ல வெளிய சொல்லுவாங்களா? நீயா சொல்றவரைக்கும் காத்துக்கினு இருந்தேன். இந்த கெமிக்கல் ஆவியெல்லாம் உனக்கு இப்ப ஆகாதும்மா."

"அப்போ என் ப்ராஜெக்ட்?"

மேடம் ஒரு நாற்காலியை லேபின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே இழுத்துப் போட்டார்.

"அது உன்னுதுதான். இங்க உக்காந்து எதை எப்போ சேக்கணும், எப்போ நிறுத்தணும்னு நீ சொல்லு. கொழந்த பொறக்கிறவரைக்கும் நான்தான் உனக்கு லேப் அசிஸ்டென்ட்."