அறை மாற்றம்

'க்ளிக்' என்ற சத்தம் கேட்டதும் சின்னவளுக்கு வாயில் வைத்த கவளம் உள்ளே இறங்கவில்லை. சட்டென்று நிமிர்ந்தாள். எதிர்க் கட்டிலில் இருந்த நெட்டையான அறைத்தோழி, ஒன்றும் அறியாதவள் போலப் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

இது முதல் தடவையும் அல்ல. படிக்க வந்த ஊரில் எல்லாரும் முள்கரண்டியால் கொத்திக்கொண்டிருக்க, கையால் பிசைந்து சாப்பிடுகிறவள் இவள் ஒருத்திதான். கேன்டீனில் நாலு பேர் திரும்பிப் பார்த்ததிலிருந்து தட்டை அறைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். இங்கேயும் நிம்மதி இல்லையென்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வகுப்பில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால் போதும், தன் கையும் வாயும்தான் அதில் ஓடுகிறது என்று தோன்றும். அப்புறம் அந்த நெட்டை அறையில் இருந்தால் சின்னவள் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. நெட்டையோ தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "சாப்பிடு, சாப்பிடு" என்று வேறு சொன்னாள். என்ன நெஞ்சழுத்தம்!

அன்றைக்கு அம்மா போன் செய்தாள். "ஏண்டி, ராத்திரியில பட்டினி கிடக்கிறியாமே?"

"யாரு சொன்னா? நல்லாத்தான் சாப்பிடறேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சும்மா விடமாட்டேங்கறாங்க."

"பெத்தவளுக்குத் தெரியாதாக்கும்! உன் ரூம்ல இருக்கிற பொண்ணோட சேர்ந்து உக்காந்து சாப்பிடு. தங்கமான பொண்ணு."

வந்த புதிதில் அம்மா நெட்டையை வீடியோவில் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஒருத்தி பாஷை இன்னொருத்திக்குப் புரியாது. ஜாடையிலேயே பேசிச் சிரித்து, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நம்பரும் வாங்கிக்கொண்டாள். அதற்குள் தங்கமாம்! சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

மறுநாள் விடுதிப் பொறுப்பாளரிடம் போய் அழாக்குறையாக எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த அம்மாள் நெட்டையைக் கூப்பிட்டு விட்டாள்.

"இவளுக்குத் தெரியாம இவளைப் போட்டோ எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எதுக்கு?"

நெட்டையின் முகம் சிவந்துபோனது. சின்னவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலத்துக்குள் நெட்டையின் பெட்டி படுக்கையெல்லாம் மேல்மாடிக்குப் போய்விட்டன. போகும்போது வாசலில் நின்று, "சாப்பிடாம இருக்காதே" என்றாள். சின்னவள் கதவைச் சாத்தினாள்.

அப்பாடா! கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆற அமரப் பிசைந்து, தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். இந்த ஊருக்கு வந்த பிறகு சாப்பாடு ருசித்தது அன்றைக்குத்தான்.

கை கழுவிவிட்டு வருவதற்குள் அம்மாவின் போன்.

"சாப்பிட்டாச்சும்மா, வயிறு முட்ட!" என்றாள் முந்திக்கொண்டு. எத்தனையோ நாள் கழித்து அம்மாவிடம் உண்மையைச் சொன்ன சந்தோஷம் அவளுக்கு.



"அப்புறம் ஏண்டி அந்தப் பொண்ணு இன்னிக்கு உன்னைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பலை?"